சைடுகாருக்கு மரப்பெட்டி: துருவுமனைக் கணக்கு

சைடுகாரில் ஆள் உட்காரும் தொட்டியைக் கழற்றிவிட்டுப் பெட்டி வைப்பது பழைய வழக்கம்தான். 1950களில் இங்கிலாந்தின் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஊழியர்கள், மஞ்சள் நிற பிஎஸ்ஏ எம்21 வண்டியோடு இணைந்த பெட்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, வழியில் நின்றுபோன கார்களைக் கிளப்பிவிட்டபடி சுற்றினார்கள். நம்மூர் புல்லட்டுக்கும் அப்படி ஒரு பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அறுக்கவும் பூட்டவும் சுமாரான தச்சு தெரிந்தால் போதும். பாரம் எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் சூட்சுமம்.

அதைப் புரிந்துகொள்ளத் தேங்காய் துருவும் மனையைப் பாருங்கள். பலகையில் ஆள் உட்கார்ந்திருக்க, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அலகின்மேல் தேங்காய் மூடியை அழுத்தித் துருவுகிறோம். அழுத்த அழுத்த மனை முன்பக்கம் கவிழப் பார்க்கும். உட்கார்ந்திருப்பவரின் எடை அதை அமுக்கிப் பிடிக்கிறது. சின்னப் பிள்ளை உட்கார்ந்தால் பின்பக்கம் தூக்கிவிடும். பெரியவரே ஆனாலும் அலகை ஒட்டி உட்கார்ந்தால் ஆட்டம்தான். சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் மனை அசையாது.

சைடுகார் நம் நாட்டில் இடப்பக்கம் இருக்கும். இடது பக்கம் வளைக்கும்போது மொத்த வண்டியும் வலப்பக்கம் சாயப் பார்க்கும்; அதுதான் அலகின்மேல் விழும் அழுத்தம். பெட்டியில் இருக்கும் பாரம்தான் பலகையில் உட்கார்ந்திருப்பவர். காலிப் பெட்டி என்றால் சின்னப் பிள்ளை.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஓட்டுபவரும் 270 கிலோ, சைடுகார் காலிப் பெட்டியோடு 60 கிலோ என்று வையுங்கள். 20 மீட்டர் ஆரமுள்ள இடது வளைவில், சுமார் 25 கி.மீ. வேகத்திலேயே சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். 40 கிலோ மணல் மூட்டையைப் பெட்டியின் அடித்தட்டில், வெளிச் சக்கரத்தை ஒட்டி வைத்தால் 32 வரை தாங்கும். அதே மூட்டையை வண்டியை ஒட்டி வைத்தால் 29தான்.

அதற்காக எல்லாவற்றையும் வெளி ஓரத்துக்கே தள்ளிவிடவும் கூடாது. மனையின் பின்விளிம்பைத் தாண்டி உட்கார்ந்தால் பின்னால் சரிவோம் இல்லையா? வலது வளைவில் அதுதான் நடக்கும். மூன்று சக்கரங்களும் தரையில் ஒரு முக்கோணம் போடுகின்றன. பாரம் அதற்குள் இருக்க வேண்டும். பெட்டியின் முன்மூலையில் கனமான சாமான் வைத்தால் அது முக்கோணத்துக்கு வெளியே போய்விடும். வலது பக்கம் திரும்பும்போது சைடுகாரின் மூக்கு தரையை நோக்கிக் குத்தும், பின்சக்கரம் எழும்பும். ஆகவே பெட்டியின் நடுப்பகுதி சைடுகார் அச்சுக்கு நேர்மேலே, அல்லது ஒரு கையளவு பின்னால் வரட்டும்.

பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட், 12 மி.மீ. கனத்தில் போதும். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 45 செ.மீ. உயரம் என்று வைத்தால், மூடி உட்பட ஆறு பலகையும் ஒரே 8×4 ஷீட்டில் வந்துவிடும். எடை ஏறத்தாழ 20 கிலோ. தகரத்தில் செய்தால் லேசாக இருக்குமே என்பார்கள். உட்கார்ந்து அமுக்கத்தான் இந்தப் பெட்டி, லேசாக இருந்து என்ன பிரயோஜனம்?

மூலைகளில் உள்பக்கமாக ரீப்பர் கட்டை வைத்து, தண்ணீர் தாங்கும் பசையும் திருகாணியும் போட்டு இறுக்குங்கள். சட்டத்தோடு பெட்டியைப் பிணைக்கத் திருகாணி உதவாது. புல்லட்டின் ஒற்றை சிலிண்டர் அதிர்வில் சீக்கிரமே கழன்றுவிடும். 8 மி.மீ. போல்ட்டை அடித்தட்டின் வழியே இறக்கி, அகல வாஷரும் நைலாக் நட்டும் போட்டு, இடையில் பழைய டயர் துண்டு ஒன்றைக் கொடுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தில்தான். அதனால் பூட்டுவதற்கு முன்பே ஓரங்களுக்கும் துளைகளின் உள்பக்கத்துக்கும் பிரைமர், ஆயில் பெயின்ட் இரண்டும் அடித்துவிட வேண்டும்.

அடித்தட்டில் நீளவாக்கில் இரண்டு ரீப்பரை ஆணியடித்து வைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இடது வளைவில் சாமான் வலப்பக்கம், அதாவது வண்டியை நோக்கி வழுக்கும். பாரம் வெளியே தேவைப்படுகிற அந்த நொடியில் அது உள்ளே ஓடிவந்தால், துருவுகிறவர் அலகை நோக்கிச் சறுக்கின கதைதான். மூடியின் கீலை முன்பக்கம் வையுங்கள். கொண்டி கழன்றாலும் எதிர்க்காற்று மூடியை அமுக்கியே வைத்திருக்கும்.

துளை போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. வண்டியின் அமைப்பை மாற்றுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வரும்.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், மணல் மூட்டையோடு. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் போகும். பாரம் ஏற ஏற இரண்டும் கூடும். இடது வளைவில் சக்கரம் எழும்பினால் வேகத்தைக் குறைத்து, ஹேண்டில்பாரைச் சற்று வலப்பக்கம் விடுங்கள், இறங்கிவிடும். அப்படி விடுவதற்கு வலப்பக்கம் இடம் வேண்டும், தெருவில் பழகாதீர்கள். சாமானை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் நாளில் அந்த மணல் மூட்டை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.