தோட்டக்கலைப் பயிற்சியில் சேர்க்கை: வாயில்களும் தடைகளும்

நாட்டின் வேளாண்மை உற்பத்தியில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்று 2012-13ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பழங்கள், காய்கறிகள், மலர்கள், நறுமணப் பொருள்கள், மலைத்தோட்டப் பயிர்கள் ஆகியவற்றின் மொத்த உற்பத்தி அவ்வாண்டில் சுமார் 26.9 கோடி டன்னை எட்டி, சுமார் 25.7 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தியை விஞ்சியது. 2023-24இல் தோட்டக்கலை உற்பத்தி 35 கோடி டன்னையும் கடந்துவிட்டது. இவ்வளர்ச்சி நிலைபெற வேண்டுமாயின் நிலமும் நீரும் மட்டும் போதா. ஒட்டுக்கட்டவும், கவாத்து செய்யவும், நாற்றங்காலைப் பேணவும், அறுவடைக்குப் பின் விளைபொருளைக் கெடாமல் காக்கவும் முறையாகப் பயின்றவர்கள் வேண்டும்.

இத்தகையோரை உருவாக்கும் கல்வி நிலையங்கள் நாட்டில் இன்று பல உள்ளன. இமாசலப் பிரதேசத்தில் சோலன் அருகே நௌனியில் தோட்டக்கலைக்கும் வனவியலுக்குமான பல்கலைக்கழகம் 1985இல் நிறுவப்பட்டது. கர்நாடகத்தில் பாகல்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்டக்கலை அறிவியல் பல்கலைக்கழகம் 2008இல் தோன்றியது. எனினும், இவற்றின் வாயிலை அடைய விரும்பும் கிராமப்புற மாணாக்கர்களில் பலருக்குப் பாடத்தை விட விண்ணப்பமே பெரிய தடையாக அமைந்துவிடுகிறது. எந்த நிலைக்கு, எப்போது, எந்தச் சான்றிதழுடன் விண்ணப்பிப்பது என்பதை உரிய காலத்தில் அறியாமையால் தகுதியுடையோரும் ஓராண்டை இழக்க நேரிடுகிறது.

பட்டப்படிப்பு

முதலாவது வாயில் நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள் கொண்ட இளம் அறிவியல் தோட்டக்கலைப் பட்டப்படிப்பாகும். இதில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்களை, அல்லது அறிவிப்பு ஏற்கும் வகையில் வேளாண்மையைப் பயின்றிருத்தல் பொதுவாக வேண்டப்படுகிறது. வரலாறும் வணிகவியலும் பயின்ற மாணவர், மாந்தோப்பிலேயே வளர்ந்தவராயினும், இப்படிப்புக்கு விண்ணப்பிக்க இயலாது. ஆகவே, இப்பட்டப்படிப்புக்கான விண்ணப்பம் உண்மையில் பதினோராம் வகுப்பில் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு இதனை எடுத்துச் சொல்வது பள்ளித் தலைமை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகும்.

பட்டப்படிப்பு இடங்கள் இரு வழிகளில் நிரப்பப்படுகின்றன. மாநில வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் இடங்களில் ஒரு பகுதி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியது. 2023-24 முதல் இவ்வொதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்கள் கொள்ளப்படுகின்றன. எஞ்சிய இடங்களை மாநிலங்கள் தத்தம் விதிகளின்படி நிரப்புகின்றன. இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றொன்றுக்கும் அதுவே போதும் என்று கருதி ஏமாறுவோர் உண்டு. நுழைவுத் தேர்வு எழுதியபின் கலந்தாய்வுக்கென மீண்டும் பதிவு செய்ய வேண்டும் என்பதும் பலர் கவனிக்கத் தவறும் செய்தியாகும்.

கையறிவுக்கு ஒரு மதிப்பு

மாநில விதிகளில் கர்நாடகத்தின் முறை தனியே கருதத்தக்கது. அங்கு வேளாண்மை சார்ந்த பட்டப்படிப்புகளில் விவசாயிகளின் பிள்ளைகளுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 40 விழுக்காடாக இருந்த இவ்வொதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தும் முடிவு 2021இல் அறிவிக்கப்பட்டது. இதனைக் கோருவோர் பொது நுழைவுத் தேர்வுடன் செயல்முறைத் தேர்வு ஒன்றையும் எழுத வேண்டும். விதைகள், பயிர்கள், கருவிகள், உரங்கள் போன்றவற்றைக் கண்டு அடையாளம் கூறுவது இத்தேர்வின் அடிப்படை. வயலில் பெற்ற அறிவு சேர்க்கைத் தரவரிசையில் கணக்கிடப்படும் அரிய நேர்வு இது.

ஆயினும் இவ்வாய்ப்பும் ஒரு தாளைச் சார்ந்தே நிற்கிறது. குடும்பம் விவசாயக் குடும்பமே என்பதற்கு வட்டாட்சியர் அளிக்கும் சான்றிதழ் உரிய படிவத்தில், உரிய நாளுக்குள் கிட்டாவிடின், செயல்முறைத் தேர்வுக்கு அமரும் உரிமையே இல்லாமற் போகும்.

பத்து மாதப் பயிற்சி

இரண்டாவது வாயில் தொழிற்பயிற்சியாகும். பெங்களூரில் 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டம் தோட்டக்கலைப் பயிற்சியோடும் நெடுநாள் தொடர்புடையது. 1908இல் அதன் பொறுப்பை ஏற்ற ஜி.எச்.கிரும்பிகல், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் தொழில் கற்று வந்தவர். மண்ணில் இறங்கி வேலை செய்துகொண்டே கற்கும் அம்மரபு இன்றும் மறையவில்லை. கர்நாடகத் தோட்டக்கலைத் துறை, விவசாயிகளின் பிள்ளைகளுக்கென லால்பாக் உள்ளிட்ட மையங்களில் பத்து மாதப் பயிற்சியை உதவித்தொகையுடன் நடத்திவருகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் கன்னட அறிவும் இதற்கு வேண்டப்படுகின்றன. பட்டப்படிப்புக்கு உரிய பாடங்களைப் பயிலாதவருக்கும், மேலே படிக்க வசதியற்றவருக்கும் இது பெரிதும் பயன்படுகிறது.

எனினும், பெற்றோருக்கு நிலம் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை இப்பயிற்சியில் உள்ளது. பயின்றவர் தம் தோட்டத்திற்கே திரும்பி அதனை மேம்படுத்த வேண்டும் என்பதே இதன் நோக்கம்; அது நியாயமானதே. ஆனால் பிறர் தோட்டத்தில் கூலிக்குக் களை எடுப்பவரின் மகனும் மகளும் இந்நிபந்தனையால் வெளியே நிற்கின்றனர். தோட்ட வேலைகளில் பெரும்பகுதியைச் செய்யும் கைகள் இவர்களுடையவை என்பதைக் கருதுங்கால், திட்டம் வகுப்போர் இவர்களை மறந்துவிடலாகாது.

இவர்களுக்குரியது மூன்றாவது வாயில். 2013இல் அமைந்த இந்திய வேளாண்மைத் திறன் மன்றத்தின் தரத்தை ஒட்டிய குறுகிய காலத் தோட்டக்காரர் பயிற்சிகளும், வேளாண் அறிவியல் மையங்கள் நடத்தும் பயிற்சிகளும் இவ்வகையின. 1974இல் புதுச்சேரியில் முதல் மையத்துடன் தொடங்கிய வேளாண் அறிவியல் மையங்கள் இன்று நாடெங்கும் 700க்கு மேல் உள்ளன. இப்பயிற்சிகளில் சேர நுழைவுத் தேர்வு தேவையில்லை. ஆனால் அறிவிப்புகள் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தின் காதுக்கு எட்டுவது அரிதாக இருக்கிறது.

சான்றிதழ்கள்

விண்ணப்பங்கள் தவறும் இடங்களுள் முதன்மையானது சான்றிதழ். பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மாநிலப் பட்டியல் வேறு, மத்தியப் பட்டியல் வேறு. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்தியப் பட்டியலின்படி, மத்திய அரசின் படிவத்திலேயே சான்றிதழ் பெற வேண்டும். மாநிலச் சேர்க்கைக்குப் பெற்ற சான்றிதழ் இங்கு ஏற்கப்படாது.

வருமான வரம்பு குறித்தும் விவசாயக் குடும்பங்களிடையே குழப்பம் நிலவுகிறது. பிற்படுத்தப்பட்டோருள் மேல்தட்டினரை விலக்கும் வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு ரூ.8 லட்சமாகும். இக்கணக்கில் விவசாய நிலத்தின் வருமானமும் சம்பளமும் சேர்க்கப்படுவதில்லை. நிலத்துக்கென வேறோர் அளவுகோல் உண்டு. இதனை அறியாமல், தோட்ட வருமானத்தைக் கூட்டிக் கணக்கிட்டுத் தமக்குத் தகுதி இல்லையென ஒதுங்குவோர் உண்டு. மாறாக, 2019இல் நடைமுறைக்கு வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான ஒதுக்கீட்டில் விவசாய வருமானமும் கணக்கில் சேரும். குடும்பத்துக்கு 5 ஏக்கர் அல்லது அதற்கு மேல் விவசாய நிலம் இருந்தால் தகுதி இல்லை. ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்துவது மாணாக்கருக்கு மட்டுமன்றி அலுவலகத்துக்கும் நேரக்கூடிய பிழையாகும்.

பள்ளிச் சான்றிதழிலும் ஆதார் அட்டையிலும் சாதிச் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருத்தலும் இன்றியமையாதது. இத்திருத்தங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். விண்ணப்பக் காலமோ குறுகியது. ஆகவே இவற்றைத் தேர்வு முடிவுக்குப் பின்னர் என ஒத்திவைத்தல் தகாது.

அலுவலர்களின் பங்கு

சேர்க்கைக்குரிய மாதங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருபவை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே மேல்நிலைப் பள்ளிகளில் சான்றிதழ் முகாம்களை வருவாய்த் துறையினர் நடத்தலாம். பயிற்சி அறிவிப்புகளை அலுவலகப் பலகையில் ஒட்டுவதோடு நில்லாமல், வேலை உறுதித் திட்டப் பணியிடங்களிலும் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களிலும் தோட்டக்கலை அலுவலர்கள் வாசித்துக் காட்டலாம். இவற்றுக்குப் புதிய நிதி ஒதுக்கீடு பெரிதாக வேண்டியதில்லை.

ஒரு மரக்கன்று காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். நடவுப் பருவம் தவறினால் அந்த ஆண்டு வீணாகும் என்பதைத் தோட்டக்காரர் நன்கு அறிவார். சேர்க்கைக்கும் அத்தகைய பருவம் ஒன்று உண்டு. அது தவறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, விண்ணப்பிக்கும் மாணாக்கருக்கு எவ்வளவு உண்டோ, அவர் விண்ணப்பத்தைக் கையில் வாங்கும் அலுவலருக்கும் அவ்வளவு உண்டு.