முன் போர்க்கை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

நமது வானொலியில் நான் வழக்கமாகப் பேசுவது வருமான வரி, ஓய்வூதியச் சேமிப்பு போன்ற விடயங்களைத்தான். இந்த மாதம் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் ஒரு தாயின் தொலைபேசி அழைப்பு. "மகன் தன்ர மோட்டார் சைக்கிளின்ர முன்பக்கத்தை மாத்திறதுக்கு ஆயிரத்து ஐந்நூறு டொலர் வேணும் எண்டு நிக்கிறான். இது தேவையான செலவோ, இல்லாட்டி வடிவுக்குச் செய்யிற வேலையோ?" என்று கேட்டார். நான் இன்றும் மோட்டார் சைக்கிள் ஓடுபவன், அதன் முன் போர்க்கைக் கழற்றிப் பூட்டவும் தெரிந்தவன். அந்தக் கேள்விக்கு நான் வானொலியில் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

முன் போர்க் என்ன செய்கிறது?

முன்சில்லை இருபக்கமும் பிடித்திருக்கும் இரண்டு குழாய்களைத்தான் போர்க் என்கிறோம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்பிறிங்கும் கொஞ்சம் ஒயிலும் உண்டு. ஸ்பிறிங் பாரத்தைத் தாங்கும். ஒயில் அந்த ஸ்பிறிங் துள்ளாமல் அடக்கிவைக்கும். ஒயில் அடக்கும் இவ்வகைப் போர்க்கை 1935இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தனது ஆர்12 சைக்கிளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடிப்படை இன்றும் அதுவேதான்.

ஊரில் ஹோண்டா சி90 ஓடியவர்களுக்கு ஒன்று ஞாபகமிருக்கும். முன் பிறேக்கைப் பிடித்தால் அதன் முன்பக்கம் தாழாது, சற்று எழும்பும். அதன் முன்பக்க அமைப்பு வேறு. இங்கே பிள்ளைகள் ஓடும் சைக்கிள்கள் பிறேக் பிடித்ததும் முன்னுக்குத் தாழும். கொஞ்சம் தாழ்வது இயல்பு. ஆனால் ஸ்பிறிங் மென்மையாக இருந்து போர்க் அடிவரை போய் முட்டினால், அதன்பிறகு வரும் குழியைத் தாங்க அதற்கு இடமில்லை. அடி முழுவதும் ரயருக்குப் போகும், ரயரின் பிடி குலையும். மழை பெய்த வீதியில், முன்னால் போன கார் திடீரென்று நின்றால், விழுவதும் விழாமல் தப்புவதும் இந்தச் சில மில்லிமீற்றரில் இருக்கக்கூடும். ஆகவே இது வெறும் அலங்கார வேலையல்ல.

அவுஸ்திரேலியாவில் புதிதாக மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் எடுப்பவர்கள் 660 சிசிக்கு மேற்படாத, எடைக்கேற்ப வலு மட்டுப்படுத்தப்பட்ட சைக்கிள்களையே ஓடலாம். இவற்றில் பல, விலையைக் குறைப்பதற்காக மிக எளிமையான போர்க்குடன் வருபவை. 1999இல் வெளிவந்த சுசுகி எஸ்.வி.650 வகை இதற்கு நல்ல உதாரணம். எஞ்சின் அருமையானது. முன் போர்க் மென்மையானது. ஓட்டுபவர் 60 கிலோவா 95 கிலோவா என்பது தொழிற்சாலைக்குத் தெரியாது.

ஆரம்ப நிலுவையும் வட்டி வீதமும்

ஸ்பிறிங்கைப் பற்றிப் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதைக் கணக்காளர் முறையில் சொல்கிறேன்.

ஒரு ஸ்பிறிங் ஒரு மில்லிமீற்றர் அமுங்க 0.75 கிலோ வேண்டும் என்று வைப்போம். இரண்டு ஸ்பிறிங்குகள் இருப்பதால், போர்க் 10 மில்லிமீற்றர் அமுங்க 15 கிலோ தேவை. இதுதான் ஸ்பிறிங்கின் பலம், வங்கியின் வட்டி வீதம் மாதிரி. போர்க்கின் மேல்மூடியில் உள்ள திருகை இறுக்கி, அல்லது உள்ளே நீளமான குழாய்த்துண்டு வைத்து, ஸ்பிறிங்கை முன்கூட்டியே 10 மில்லிமீற்றர் அமுக்கிவைத்தால், முதல் 15 கிலோ வரை போர்க் அசையாது. அதற்குப்பிறகு வரும் ஒவ்வொரு 10 மில்லிமீற்றருக்கும் அதே 15 கிலோதான். திருகை இறுக்கினால் கூடுவது ஆரம்ப நிலுவை மட்டுமே, வட்டி வீதம் மாறாது. பாரமான ஒருவருக்கு மென்மையான ஸ்பிறிங்கைத் திருகி இறுக்குவது தீர்வாகாது. அவருக்கு 0.9 கிலோ ஸ்பிறிங் போட்டால் 10 மில்லிமீற்றருக்கு 18 கிலோ வேண்டும். அது வேறு கணக்கு.

செலவில்லாத அளவை

எதையும் வாங்குமுன் அளக்க வேண்டும். தேவையானவை ஒரு அளவுநாடாவும் இரண்டு உதவியாளர்களும்.

முதலில் முன்சில்லு நிலத்தில் படாதபடி சைக்கிளைத் தூக்கி, போர்க்கில் வெளியே தெரியும் பளபளப்பான குழாயின் நீளத்தை அளந்து எழுதுங்கள். பிறகு ஓட்டுபவர் தலைக்கவசம், ஜக்கெற், சப்பாத்து எல்லாம் அணிந்து, ஓடும்போது இருப்பதுபோல ஏறி இருக்கட்டும். ஒருவர் பின்னால் பிடிக்க, மற்றவர் முன்பக்கத்தை அமுக்கி மெதுவாக விட்டு ஒருமுறையும், சற்றுத் தூக்கி மெதுவாக விட்டு ஒருமுறையும் அளக்கட்டும். இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழியுங்கள். வருவதுதான் அந்த ஓட்டுநருக்குப் போர்க் தாழும் அளவு.

எஸ்.வி.650 போன்ற, மொத்தம் சுமார் 125 மில்லிமீற்றர் அசையும் போர்க்குக்கு, வீதி ஓட்டத்தில் 30 முதல் 40 மில்லிமீற்றர் வரை தாழ்வது சரி. 50ஐத் தொட்டு, திருகை இறுக்கியும் குறையாவிட்டால் ஸ்பிறிங் அவருக்குப் போதாது. இன்னொரு வழியும் உண்டு. போர்க் குழாயைச் சுற்றி மெல்லிய பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி ஒன்றைக் கட்டி, வழமைபோல ஓடிவிட்டு வந்து பாருங்கள். அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு போர்க் அமுங்கியிருக்கிறது.

ஒயில் செய்யும் வேலை

எளிமையான போர்க்கில் ஒயில் சில துளைகளூடாகப் போய்வரும். அமுங்கும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால்தான் பிறேக் பிடிக்கும்போது போர்க் மெத்தென்று தாழ்கிறது, கூரான குழியில் விழும்போது இரும்புபோல் இறுகி மணிக்கட்டை அடிக்கிறது. தடித்த ஒயில் ஊற்றினால் முதலாவது குறையும், இரண்டாவது கூடும்.

இதற்காகவே எமியுலேற்றர் என்ற சிறு வால்வு கிடைக்கிறது. ஸ்பிறிங்கின் கீழே உட்காரும் இது, மெதுவான அசைவில் ஒயிலைச் சிறு துளையால் மட்டும் விடும். திடீர் அடி வந்தால் திறந்துகொள்ளும். பழைய துளைகளைப் பெரிதாக்க வேண்டியிருப்பதால், இதைக் கையனுபவம் உள்ளவர் செய்வது நல்லது.

செலவின் வரிசை

முதலில் ரயரின் காற்றும் தேய்மானமும், ஹான்டில் திரும்பும் இடத்துப் பெயரிங்கும் பாருங்கள். அடுத்து பழைய ஒயிலை மாற்றுங்கள். போர்க்கில் ஒயிலை வடிகட்ட எதுவுமில்லை, தேய்ந்த துகள் எல்லாம் அதற்குள்ளேயே சுற்றும். மூன்றாவதாக, ஓட்டுபவரின் நிறைக்கேற்ற ஸ்பிறிங். நான்காவதாக எமியுலேற்றர். ஆயிரம் டொலரைத் தாண்டும் முழுமையான உட்பாகத் தொகுதி கடைசி. அது பெரும்பாலும் ஓட்டப்பந்தயத் தடத்தில் ஓடுபவர்களுக்கு உரியது.

சில எச்சரிக்கைகள். போர்க்கின் மேல்மூடி ஸ்பிறிங்கின் அழுத்தத்தில் இருக்கும், கழற்றும்போது முகத்தை அதற்கு நேரே வைக்கக்கூடாது. சீல் கசிந்து ஒயில் பிறேக் பட்டையில் பட்டால் பிறேக் பிடிக்காது, பட்டையைப் புதிதாக மாற்ற வேண்டும். பலமான ஸ்பிறிங் போட்டபின் முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்பதால் சைக்கிள் வளைவில் திரும்பும் விதம் மாறும், முதல் சில நாள் நிதானமாக ஓட வேண்டும். செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றம் இழப்பீடு கேட்கும் நேரத்தில் பிரச்சினையாகலாம்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான். மகனிடம் "ஏன் காசு?" என்று கேட்காதீர்கள், "எத்தனை மில்லிமீற்றர் தாழுது?" என்று கேளுங்கள். அளக்கும்போது நீங்களே சைக்கிளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அளவு போதாது என்று காட்டினால் ஸ்பிறிங்குக்கும் ஒயிலுக்கும் தயங்காமல் காசு கொடுங்கள். சில நூறு டொலரில் முடியும். மிச்சத்தை நல்ல ரயருக்கும், ஒருநாள் ஓட்டுப் பயிற்சிக்கும் வையுங்கள்.