உப்புக் காற்றும் வீட்டுக் கூரையும்

மேல்சித்தாமூரில் ஜைன மடத்தையும் பார்சுவநாதர் ஆலயத்தையும் தரிசித்துவிட்டுச் செஞ்சிக் கோட்டைக்குச் செல்கிறவர்கள், அங்குள்ள பழைய களஞ்சியத்துக்குள் நின்று சற்று அண்ணாந்து பார்க்க வேண்டும். செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் வில்போல் வளைத்துக் கட்டிய கூரை, நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கிறது. அதைத் தாங்குவது வளைவின் பலமேயன்றி இரும்புக் கம்பியன்று.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. செஞ்சிச் சீமையிலிருந்து புதுச்சேரிக்கோ மரக்காணத்துக்கோ குடிபோகும் குடும்பத்தார், ஊரில் கட்டியதுபோலவே அங்கும் வீடு கட்டிவிட நினைப்பது இயல்பு. ஆனால் கடற்கரையில் கூரைக்கு மழையைவிடக் கொடிய சத்துரு ஒன்று உண்டு. அதுதான் உப்பு.

கடற்காற்றிலுள்ள உப்பு, ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியை எட்டுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துருவோ இரும்பைவிட அதிக இடம் கொள்வது. அது பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடுகிறது. பிறகு ஒருநாள், குழந்தைகள் படுத்துறங்கும் இடத்தில் கூரை பெயர்ந்து விழுகிறது!

இதற்குப் பரிகாரம், கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனந்தான். 2000ஆம் ஆண்டின் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, சாதாரண இடங்களில் 20 மில்லிமீட்டர் போதும் என்கிறது. உப்புக் காற்று நிறைந்த கரையோரத்துக்கோ 45 மில்லிமீட்டர் கேட்கிறது. கலவையும் உயர்தரமாக இருத்தல் அவசியம். உப்புத் தண்ணீரும் கழுவாத கடல் மணலும் கலவையில் சேரவே கூடாது.

தகரக் கூரையில் ஆணி துளைத்த இடமே முதலில் அரிக்கும். சுட்ட மண் ஓட்டையோ உப்பு எளிதில் தின்பதில்லை. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து மேற்குக் கரை வீடுகளில் அது நன்கு பழகிய பொருள். ஆயினும் புயலை மறக்கலாகாது. 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓடுகளைத் துருப்பிடிக்காத கம்பியால் சட்டத்தோடு பிணைக்க வேண்டும்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் காணும் மெத்தைத் தளமோ தேக்கு உத்திரம், செங்கல், சுண்ணாம்பு இவற்றால் ஆனது. கரையானையும் நீர்க்கசிவையும் கவனித்து வந்தால் அது நெடுநாள் உழைக்கும்.

ஆகவே, வாழ்நாள் சேமிப்பைக் கூரையில் போடுமுன், "கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர்?" என்று மேஸ்திரியை ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், தளம் போடும் அன்று அளவுகோலுடன் நீங்களே அருகில் நில்லுங்கள்.