வாளவரையில் ஒளிந்திருந்த உலோகம்

மாட்டுக் கொட்டிலை இரண்டு நாள் கழுவாது விட்டால் மூக்கைத் துளைக்கும் நெடி எழுவதை நாம் அறிவோம். அது அமோனியா வாயுவின் நெடி. ஆனால், பசுவின் சிறுநீரில் மிகுதியாக உள்ளது மணமற்ற யூரியாவேயாகும். யூரியாவைத் தூய நீரிற் கரைத்து வைத்தால் அது சிதைவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். கொட்டிலிலோ அவ்வேலை விரைவில் முடிந்துவிடுகிறது. முடிப்பது யாது? சாணத்திலும் மண்ணிலும் வாழும் பக்டீரியங்கள் உண்டாக்கும் யூரியேஸ் என்னும் நொதியம்.

நொதியம் என்பது உயிர்களுக்குரிய ஊக்கி. தான் செலவாகாமல் இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்துவது. யூரியேஸ் தன் வேலையை ஏறத்தாழ நூறு இலட்சம் கோடி மடங்கு விரைவாக்குகிறது. இத்தொகையை எழுதிப் பார்க்க விரும்பும் மாணவர் ஒன்றுக்குப் பின் 14 பூச்சியங்களை இடுவாராக!

நொதியங்கள் எப்பொருளால் ஆனவை என்பது ஒரு காலத்திற் பெரும் வழக்காக இருந்தது. அவை புரதங்கள் அல்ல என்று சாதித்தவர், நோபல் பரிசு பெற்ற ஜேர்மன் அறிஞர் வில்ஸ்டாட்டர். அவருக்கு எதிராகத் துணிந்து நின்றவர் ஜேம்ஸ் சம்னர் என்னும் அமெரிக்கர். இடக்கைப் பழக்கமுடைய சம்னர், 17 வயதில் வேட்டைக்குச் சென்றவிடத்துக் குண்டு பட்டு அந்த இடக்கையையே இழந்தவர். ஒற்றைக் கையர் இரசாயனத்தில் முன்னேற முடியாது, வேறு துறையை நாடுக என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. அவர் கேட்கவில்லை, நன்றே செய்தார்.

1917இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் வாளவரை இனத்து வித்துக்களை ஆராயத் தொடங்கினார். ஒன்பது ஆண்டுகள் தோல்வியே மிஞ்சியது. 1926இல், வித்து மாவை அசற்றோன் கலந்த நீரிற் கரைத்து வடித்து, ஓரிரவு குளிரில் வைத்தார். மறுநாள் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் நோக்கினார். எண்முகப் பளிங்குகள் மின்னின! அப்பளிங்குகள் யூரியாவைக் கடுவேகத்திற் சிதைத்தன. சோதித்தபோது புரதமாகவும் இருந்தன. ஜேர்மனியில் எவரும் எளிதில் நம்பவில்லை. வேறு நொதியங்களும் பளிங்காக்கப்பட்ட பின்னரே உலகம் இணங்கியது. 1946ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பாதி சம்னருக்குக் கிடைத்தது.

1955இல் அவர் மறைந்தார். தம் பளிங்கினுள் வேறொன்றும் இருந்ததை அவர் அறியவில்லை. 1975இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதே வித்தின் யூரியேஸில் நிக்கல் இருப்பதைக் கண்டனர். நாணயங்களிற் கலக்கும் அதே நிக்கல்! அதற்கு முன்னர், நிக்கல் உள்ள நொதியம் எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை.

இரண்டு நிக்கல் அயன்கள் அருகருகே அமர்ந்துள்ளன. நேர்மின்னேற்றமுடைய ஒன்று யூரியாவின் ஒட்சிசனைப் பற்றி, இலத்திரன்களைத் தன்பால் ஈர்க்கிறது. அதனால் நடுவிலுள்ள காபன் தாக்குதலுக்கு இலக்காகிறது. மற்றையது நீரிலிருந்து தோன்றிய ஐதரொட்சைட்டை ஏந்தி நின்று, அக்காபனைத் தாக்கச் செய்கிறது. நிக்கலை அகற்றினால் புரதம் செயலற்றுக் கிடக்கும். நிக்கல் உப்பை நீரிற் கரைத்தால் மட்டும் அவ்வேகம் கிட்டாது. அயனை உரிய இடத்திற் பிடித்து வைக்கப் புரதம் வேண்டும். ஆகவே, சம்னர் கூறியது உண்மை. ஆயினும் முழு உண்மையன்று.

இந்த நிக்கல் நம் வயிற்றிலும் விளையாடுகிறது. இரைப்பையின் அமிலத்திற் பிழைத்திருக்க, ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் பக்டீரியம் யூரியேஸினால் அமோனியாவை உண்டாக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. இரைப்பைப் புண்ணுக்கு அது காரணமென நிறுவிய மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

நெல்வயலில் இட்ட யூரியாவையும் மண்ணிலுள்ள யூரியேஸே பயிருக்கு ஏற்றதாக மாற்றுகிறது. ஆனால், மேலாகத் தூவிவிட்டால் அமோனியாவின் ஒரு பகுதி காற்றிற் பறந்துவிடும். கமக்காரரின் பணமும் கூடவே பறக்கும். இதைத் தடுக்க, யூரியேஸை மந்தப்படுத்தும் சில பொருள்களை உரத்துடன் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அப்பொருள்கள் சென்று பற்றிக்கொள்வதும் அந்த இரண்டு நிக்கல் அயன்களைத்தான்.