பிறர் கையில் தோன்றாத பழுது



இரவெல்லாம் இருமிய பிள்ளை வைத்தியர் முன் சென்றதும் இருமாதிருப்பதுண்டு. கணினி மென்பொருளுக்கும் இவ்வியல்பு உண்டு. ஒருவர் கையில் இடையில் நின்றுபோகும் மென்பொருள், பழுது பார்ப்பவர் கையில் செவ்வனே இயங்கும். "இங்கு அப்படி நிகழவில்லையே" என்பார் அவர். குறை கூறியவரோ பொய்யுரைத்தவர் போல நாணி நிற்பார். உண்மை யாது?

கிளிநொச்சியில் எமது பாடசாலையில் மாணவர் புள்ளிகளைப் பதியும் மென்பொருள் ஒன்று, இளம் ஆசிரியை ஒருவர் பதியும்போது மட்டும் திடீரென மூடிக்கொண்டது. அதனை ஆக்கியவர் கொழும்பிலிருந்து தம் கணினியில் பலமுறை முயன்றார், குறை தோன்றவில்லை. ஆசிரியைக்குப் பழக்கம் போதாது என்றார். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆசிரியை வாதிடவில்லை. எந்தப் பெயரைப் பதியும்போது நின்றது என்பதை மூன்று நாள் ஒரு கொப்பியில் குறித்து வந்தார். நீண்ட பெயரைத் தமிழில் எழுதிய வேளைகளிலேயே அது நின்றிருந்தது.

காரணம் எளிது. இன்று பெருவழக்கிலுள்ள யூடிஎப்-8 முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு இடம் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும். 'சி' என்பதில் சகரம் ஒரு குறியீடு, அதன் விசிறி மற்றொரு குறியீடு. ஆக ஆறு பைட்டு. 'சிவபாலசுந்தரம்' என்னும் பெயர் ஆங்கிலத்தில் 16 பைட்டில் அடங்கும். தமிழில் 42 பைட்டு வேண்டும். மென்பொருளில் ஒதுக்கப்பட்டதோ 40. கொழும்பில் சோதித்தவர் ஆங்கிலப் பெயர்களையே பதிந்து பார்த்தார். பழுது அவருக்கு எங்ஙனம் தோன்றும்?

புள்ளிப் பதிவோடு போகும் இடர் சிறிது. உயிரோடு விளையாடும் இடரும் உண்டு. கனடிய அணுசக்தி நிறுவனம் ஆக்கிய தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறியால் 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள் நிகழ்ந்தன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து டைலர் நகரில், 1986 மார்ச் மாதம் ஒரு நோயாளி அளவிறந்த கதிர்வீச்சுக்கு ஆளானார். திரையில் 'பழுது 54' என்ற சொல் தோன்றியது. நிறுவனத்தின் பொறியியலாளர் சோதித்தனர்; அப்பழுதை மீண்டும் தோற்றுவிக்க இயலவில்லை. பொறி மறுபடி இயக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் நாள் இரண்டாம் நோயாளியும் அதே கதிக்கு ஆளானார். பின்னர் இருவருமே இறந்தனர்.

அப்பொழுது அந்நிலையத்துப் பௌதிகவியலாளர் பிரிட்ஸ் ஹேகர், பொறியை இயக்கிய பணியாளரை அருகிருத்தி, அவர் செய்தவாறே மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். இரகசியம் விரைவில் இருந்தது. சிகிச்சை வகையைத் தவறாகப் பதிந்துவிட்டு, பொறி தன்னை ஒழுங்கு செய்யும் எட்டு விநாடிகளுக்குள் அதனைத் திருத்தினால், திரை திருத்தத்தைக் காட்டும். பொறியின் உள்ளமைப்போ அதனை அறியாது. மெல்லத் தட்டிப் பார்த்தவர் கையில் அப்பழுது தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

ஆதலால் நேயர்களே, மென்பொருள் நின்றுபோயின், எதனைப் பதிந்தீர்கள், எம்மொழியில், எவ்வரிசையில், எவ்வளவு விரைவில் என்பவற்றை உடனே எழுதி வையுங்கள். திரையில் தோன்றும் சொல்லை எழுத்துப் பிசகாது குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவர், கண்டவரை அருகிருத்தி அவர் செய்தபடியே செய்து பார்க்கட்டும். 'எனக்குத் தோன்றவில்லை' என்பது 'பழுது இல்லை' என்பதற்குச் சான்றாகாது.

அந்த ஆசிரியையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவரது கொப்பி இன்றும் எனது மேசையில் இருக்கிறது.