பெட்டகத்தின் பின்பலகை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளுக்குள் நுழைந்தால், கால் வைக்க இடமின்றி நெருங்கிக் கிடக்கும் கட்டில்களுக்கும் ஊஞ்சற்பலகைகளுக்கும் சாய்வு நாற்காலிகளுக்கும் நடுவே, வாங்க வந்தவர்கள் இருவகையாய் நடந்துகொள்வதைக் காணலாம். ஒருவர் பெட்டகத்தின் முகப்பில் செதுக்கியிருக்கும் கொடியையும் பூவையும் தடவிப் பார்த்து, மெருகின் பளபளப்பில் மனம் பறிகொடுத்து, உடனே விலை கேட்கிறார். மற்றொருவரோ அதைச் சுவரைவிட்டு ஒரு முழம் நகர்த்தச் சொல்லி, பின்புறம் சென்று குனிந்து, தூசி படிந்த பின்பலகையை விரல் நுனியால் வருடுகிறார். பழைய மரச்சாமான்களைப் பற்றிய ஞானத்தின் சாரம் இந்த இரண்டாமவரின் விரல் நுனியில் இருக்கிறதென்பதே என் அபிப்பிராயம். முகப்பு பிறர் காண்பதற்கென்றே செய்யப்பட்டது. அதை எக்காலத்திலும் எவரும் புதுப்பித்துவிடலாம். பின்புறமோ யார் பார்க்கப் போகிறார்கள் என்று தச்சர் அப்படியே விட்டது. அதைத் திருத்தியமைக்க வேண்டுமென்று பின்வந்தவர் எவருக்கும் அநேகமாகத் தோன்றுவதில்லை.

செட்டிநாட்டில் இத்தனை மரச்சாமான்கள் குவிந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, ஐராவதிச் சமவெளியின் அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை பெருகியபோது, அந்த வேளாண்மைக்குக் கடன் கொடுத்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய நாட்டுக்கோட்டை நகரத்தார், கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை முதலிய ஊர்களில் தாம் எழுப்பிய மாளிகைகளுக்காகப் பர்மாத் தேக்கைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். தூணும் நிலையும் கதவுமான அம்மரமே பெட்டகமாகவும் ஊஞ்சலாகவும் கணக்குப் பெட்டியாகவும் உருவெடுத்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்ததும் அந்த வாணிபம் முறிந்தது. பிற்காலத்தில் வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்து, பல இடிக்கப்பட்டு, உள்ளிருந்த சாமான்கள் கடைத்தெருவை வந்தடைந்தன.

இனி, ஒரு சாமானை இனங்காணும் முறையைப் பார்ப்போம். முதற் பரீட்சை மரத்தைப் பற்றியது. கன மீட்டர் ஒன்றுக்குத் தேக்கு ஏறக்குறைய 650 கிலோ நிறுக்கும்; ஈட்டி 850 கிலோ வரை போகும்; கருங்காலியோ பெரும்பாலும் நீரில் மூழ்கிவிடும். ஆதலால் ஒரு நாற்காலியைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்திலேயே அனுபவசாலிக்குப் பாதி விஷயம் விளங்கிவிடுகிறது. தேக்கின் வைரம் பொன்னிறம் கலந்த பழுப்பாய், தொட்டால் இலேசாக எண்ணெய்ப் பசையுடன், சுரண்டினால் தோலின் வாசனையை நினைவூட்டுவதாய் இருக்கும். குறுக்கே அறுத்த முகத்தில் வளர்ச்சி வளையங்களும் அவற்றை ஒட்டி வரிசையாய் நிற்கும் துளைகளும் வெறுங்கண்ணுக்கே புலப்படும். கறையானை எதிர்க்கும் ஆற்றல் இந்த வைரத்துக்கே உரியது; வெளிறிய புறமரத்துக்கு அது கிடையாது.

இரண்டாவது பரீட்சை கருவிகளின் தடங்களைப் பற்றியது. ஒருவர் மேலும் ஒருவர் கீழும் நின்று பெரிய வாளால் கையறுப்பாக அறுத்த பலகையில் கோடுகள் நேராக இருப்பினும் இடைவெளி ஒன்றுபோல் இராது. வாள்பட்டறையில் வட்ட வாளால் அறுத்ததாயின் அவை வில்லாக வளைந்திருக்கும். இழைப்புளி ஓடிய இடத்தில், கண்ணுக்குத் தெரியாவிடினும், உள்ளங்கைக்குத் தட்டுப்படும் மெல்லிய அலைகள் இருக்கும். இழுப்பறையின் மூலையில் பலகைகள் ஒன்றையொன்று கவ்வும் பற்கள் சிறிதும் பெரிதுமாய் இருந்தால் கைவேலை. அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவாயிருந்தால் இயந்திர வேலை. திருகாணியும் காலம் சொல்லும்: 1840-களின் இறுதிவரை அதன் நுனி மழுங்கலாகவே இருந்தது, கூர்நுனி அதற்குப் பின்பே பரவிற்று. தலையில் சிலுவைக் குறி வெட்டிய திருகாணியோ 1930-களில் அமெரிக்காவில் தோன்றியது. கிழவர்கள் கதை சொல்லும் பெட்டகத்தில் அது காணப்பட்டால், பழுதுபார்த்த காலத்தில் நுழைந்ததா, பெட்டகமே பிற்காலத்ததா என்று விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது பரீட்சைக்கு ஒரு நூற்கயிறு போதும். மரம் உலரும்போது நீளவாட்டில் சுருங்குவது இல்லையென்றே சொல்லலாம். குறுக்குவாட்டிலோ அது சுருங்கியே தீரும். பச்சைத் தேக்கு முற்றிலும் உலர்கையில் வளையங்களின் போக்கில் நூற்றுக்கு ஆறு பங்கு வரையும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் இரண்டரைப் பங்கும் குறைகிறது. உலர்த்திய பலகையிலும் இதில் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆகவே, வட்டமாக அறுத்த மேசைப்பலகையை மரத்தின் ரேகைவழியே ஒருமுறையும், ரேகைக்குக் குறுக்கே ஒருமுறையும் கயிற்றால் அளந்தால், பழைய மேசையில் பின்னது ஓரிரு நூல் குறைந்திருக்கும். கண்ணுக்கு வட்டம், கயிற்றுக்கு முட்டை வடிவம்! பல பருவங்களின் ஈரமும் வெயிலும் இழைத்த இந்த வேலையைப் பொய்யாகச் செய்ய ஒருவர் வலிந்து முயன்றாலன்றி இயலாது.

வஞ்சனை பெரும்பாலும் வேறு ரூபத்தில் வருகிறது. இடித்த வீட்டின் உத்தரத்தையும் நிலையையும் அறுத்துப் புதிய மேசை செய்து, அதைப் பழைய மேசையென்று விற்பது அதில் ஒன்று. மரம் மெய்யாகவே பழையது, மேசைதான் புதியது. அத்தகைய மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால், எதற்கும் உதவாத இடத்தில் சதுரத் துளையொன்று அடைக்கப்பட்டிருக்கும். கீல் பதிந்திருந்த பள்ளம் காலின் உட்புறத்தில் தெரியும். உளு குடைந்த வழியும் ஒரு சாட்சி. பூச்சி பலகையின் மேற்பரப்பில் இடுவது சிறு வட்டத் துளை மாத்திரமே. நீளமாகக் கால்வாய்போல் குடைவு வெளியே தெரிந்தால், பூச்சி அரித்த பின்னரே அம்மரம் அறுக்கப்பட்டது என்பது நிச்சயம்.

விலையை நிர்ணயிப்பதில் வயது ஓர் அம்சமே தவிர முழு அளவுகோல் அன்று. மரத்தின் ஜாதி, வேலையின் நேர்த்தி, பூட்டும் சாவியும் கைப்பிடியும் ஆதியில் இருந்தவைதாமா என்பது, எந்த வீட்டில் எவ்வாறு புழங்கியது என்று சொல்லும் ஆதாரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய மேற்பரப்பு சிதையாமல் இருக்கிறதா என்பது ஆகியவை சேர்ந்தே அதன் மதிப்பாகின்றன. இவற்றோடு காலத்தின் ருசியும் கலக்கிறது: மாளிகைக்கென்று செய்த இராட்சதக் கட்டில், அடுக்குமாடி வீட்டின் வாசலில் நுழையாத ஒரே காரணத்தால் மலிந்துபோகிறது, மடியளவுக் கணக்குப் பெட்டி எளிதில் விலைபோகிறது. அந்தப் பெட்டியின் சாய்ந்த மூடியில், எழுதுகிறவரின் முன்கை படிந்து படிந்து மழுங்கிய விளிம்பும், உள்ளறையில் மைக்கூடு கவிழ்ந்த கறையும் இருக்குமாயின், அவை குறைகள் அல்ல, அதன் ஜாதகம். நூறாண்டு கடந்த தொல்பொருளை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்பதையும் வாங்குகிறவர் நினைவில் கொள்ள வேண்டும்.

பராமரிப்பின் தத்துவம், செய்வதைவிடச் செய்யாதிருப்பதில் அதிகம் அடங்கியது. பழைய மெருகு பெரும்பாலும் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. மறைவான இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்தால் அது இளகிப் பிசுபிசுக்கும். இக்காலத்துப் பிளாஸ்டிக் மெருகு இளகுவதில்லை. இந்தப் பரீட்சையைச் செய்யாமல் எந்தக் குப்பியையும் திறக்கலாகாது. நாள்தோறும் மெல்லிய வேட்டித்துணியால் தூசி துடைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை தேன்மெழுகை மெல்லிதாய்த் தேய்த்துத் துடைப்பதும் போதும். தேங்காயெண்ணெய் உலராமல் பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைக்கும். நேர்வெயில் ஈட்டியின் நிறத்தை வெளுக்கச் செய்யும். குளிர்சாதன அறையின் வறட்சி பலகையைப் பிளக்கும். ஐப்பசி மழையில் இழுப்பறை இறுகினால் அவசரப்பட்டு இழைத்துவிடாமல், தை பிறக்கும்வரை பொறுத்திருந்தால் அது தானே தளர்ந்துவிடும். காலடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்து, துளையின் விளிம்பு வெளிறியிருந்தால் உளு உயிரோடிருக்கிறதென்று அறிந்து, அந்தச் சாமானை மற்றவற்றினின்று பிரித்து வைத்து, மருந்திடத் தெரிந்தவரை அழைக்க வேண்டும். ஆடும் மூட்டுக்குப் பழைய தச்சர்கள் இட்ட வச்சிரப்பசையே உத்தமம். சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது இளகிக்கொடுப்பதால், பிற்காலத்தில் பழுதுபார்ப்பவர் மரத்தை உடைக்காமல் பிரிக்க முடியும்.

இதையெல்லாம் நான் அறிந்துகொண்டது ஒரு நஷ்டத்துக்குப் பிறகுதான். எங்கள் வீட்டுக் கலியாணமொன்றின்போது, கூடத்தில் நின்ற பெட்டகம் கறுத்துக் கிடக்கிறதென்று பெரியவர்கள் கூடி யோசித்து, ஆள் வைத்து உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடிபோல் மின்னும் புதுமெருகு ஏற்றினார்கள். கருமை மறைந்தது, அதோடு, பாட்டியின் கை தினமும் பட்டுப் பட்டு வழவழத்திருந்த கதவோரமும், இழைப்புளியின் அலைகளும் மறைந்தன. வந்தவர்கள் எல்லோரும் புதிதாக வாங்கியதா என்று கேட்டார்கள். அன்று அது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஆண்டுகள் பல கழித்து வெள்ளையடிப்பதற்காக அதை நகர்த்தியபோது, சுவர்ப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மெருகுக்காரர் தொடாமல் விட்ட பின்பலகையை முதன்முறையாகக் கண்டேன். கையறுப்பின் கோடுகள் சீரற்ற இடைவெளியில் ஓடிக்கொண்டிருந்தன; ஓரத்தில், அளவுக்காகத் தச்சர் கீறிய உளிக்கோடு ஒன்று நேற்றுப் போட்டதுபோல் இருந்தது. அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எங்கள் பெட்டகத்தில் பழைமை எஞ்சியிருப்பது அந்த ஒரு பலகையில்தான்.