பெயரை மலிவாக்கினால் என்ன நடக்கும்? கடிலக் கார்களின் கதை

ஹட்டன், நுவரெலியா பக்கத்து வீதிகளில் அந்தக் காலத்தில் ஓடிய கார்கள் எவை என்று கேட்டால் எனது வயதுக்காரர்கள் விரல்விட்டு எண்ணிவிடுவார்கள். மொரிஸ் மைனர், ஒஸ்டின், தோட்டத்துத் துரைமாரின் லேண்ட் ரோவர். அமெரிக்கக் கார் இங்கு அபூர்வம். அதிலும் கடிலக் என்பது நம்மில் பெரும்பாலானோர் சினிமாவில் மட்டும் பார்த்த வாகனம். 1959ஆம் வருடத்துக் கடிலக் காரின் நீளம் 18 அடி 9 அங்குலம். மொரிஸ் மைனரோ 12 அடி 4 அங்குலம்தான். ரம்பொடை வளைவுகளில் அந்தக் கடிலக்கைத் திருப்புவதென்றால் முன்னும் பின்னும் இரண்டு பேர் இறங்கி நின்று கை காட்ட வேண்டும். போதாததற்கு ஸ்டியரிங் இடது பக்கம்.

அப்படியானால் வியாபாரப் பக்கத்தில் கடிலக்குக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரே பெயரில் 120 வருடங்களுக்கு மேலாக விற்பனையாகும் சரக்கு அது. அந்தப் பெயரை எப்படிச் சம்பாதித்தார்கள், பிறகு எப்படிக் கரைத்தார்கள் என்பதை மொடல் மொடலாகப் பார்த்தால், பலசரக்குக் கடைக்காரருக்கும் தேயிலைக் கடைக்காரருக்கும் அதில் விடயம் இருக்கிறது.

கதை தொடங்குவது ஒரு தோல்வியிலிருந்து. ஹென்றி போர்ட் தனது பெயரில் நடந்த ஒரு கம்பனியில் முதலீட்டாளர்களுடன் ஒத்துப்போகாமல் 1902இல் வெளியேறினார். எஞ்சிய இயந்திரங்களை விற்றுக் கணக்கை முடிக்கலாம் என்று முதலீட்டாளர்கள் நினைத்தார்கள். பெறுமதி மதிப்பிட ஹென்றி லேலண்ட் என்ற அனுபவசாலியை அழைத்தார்கள். அவரோ, விற்க வேண்டாம், என்னிடம் நல்ல எஞ்சின் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக் கார் செய்யுங்கள் என்றார். அவ்வாறு பிறந்ததுதான் கடிலக். 1701இல் டெட்ரோயிட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரை அதற்கு வைத்தார்கள். முதல் மொடலுக்கு ஒரே ஒரு சிலிண்டர். விலை 750 டொலர்.

லேலண்ட் அளவு விடயத்தில் மகா கண்டிப்பானவர். அதன் பலன் 1908இல் இங்கிலாந்தில் தெரிந்தது. அந்தக் காலத்துக் கார்களில் ஒரு காரின் பாகம் அதே கம்பனியின் இன்னொரு காருக்குப் பொருந்தாது. அரம் கொண்டு ராவித்தான் பொருத்துவார்கள். அங்குள்ள ரோயல் ஒட்டோமொபைல் கிளப் மூன்று கடிலக் கார்களை எடுத்து, முற்றாகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்தது. அதிலிருந்து 89 பாகங்களை அகற்றிவிட்டு, விற்பனையாளரின் களஞ்சியத்திலிருந்த புதிய பாகங்களை வைத்தது. பிறகு மூன்று கார்களையும் மீண்டும் பூட்டி 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடின. அதற்காக டிவார் வெற்றிக் கிண்ணம் கிடைத்தது. 'உலகத்தின் தரம்' என்ற விளம்பர வாசகத்தைக் கடிலக் பயன்படுத்த ஆரம்பித்தது அதன் பிறகுதான். முதலில் சோதனை, அப்புறம் விளம்பரம். இன்று நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ்.

1909இல் ஜெனரல் மோட்டோர்ஸ் இந்தக் கம்பனியை வாங்கியது. 1912 மொடலில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பழைய லொறிகளைக் கைப்பிடி சுழற்றி ஸ்டார்ட் பண்ணியவர்களுக்கு இதன் அருமை புரியும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். சார்ள்ஸ் கெட்டரிங் என்பவர் உருவாக்கிய அந்த ஸ்டார்ட்டர் கடிலக்குக்கு இரண்டாவது டிவார் கிண்ணத்தையும் பெற்றுக் கொடுத்தது. 1914இல் வி-8 எஞ்சின் வந்தது. 1917இல் லேலண்ட் விலகிச் சென்று லின்கன் என்ற கம்பனியை ஆரம்பித்தார். அது நொடிந்தபோது 1922இல் வாங்கியவர் யார் தெரியுமா? அதே ஹென்றி போர்ட். அமெரிக்காவின் இரண்டு பெரிய ஆடம்பரக் கார்ப் பெயர்களையும் தொடக்கியவர் லேலண்ட் ஒருவரே.

இனி வருவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த இடம். 1920களில் கடிலக்குக்கும் அதற்கு அடுத்த நிலையிலிருந்த பியூக் காருக்கும் இடையில் விலையில் பெரிய இடைவெளி இருந்தது. நடுத்தர விலையில் ஒரு கார் தேவைப்பட்டது. அதற்குக் கடிலக் என்ற பெயரையே ஒட்டியிருக்கலாம்; முதல் நாளே விற்பனை ஓடியிருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1927இல் லாசால் என்ற புதிய பெயரில் அதை வெளியிட்டார்கள். கடிலக் விற்ற அதே கடைகளில்தான் அதுவும் விற்றது. ஹார்லி ஏர்ல் என்பவர் வடிவமைத்த அழகான கார். 1940 வரை விற்று, வேலை முடிந்ததும் பெயரை மூடிவிட்டார்கள். கடிலக்கின் பெயரில் ஒரு கீறலும் விழவில்லை.

அதே காலத்தில் கடிலக்கை விட மேலாக மதிக்கப்பட்ட ஒரு பெயர் இருந்தது. அது பக்கார்ட். 1930களின் பொருளாதார மந்தத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல், 1935இல் சுமார் ஆயிரம் டொலருக்கு '120' என்ற மொடலைத் தனது சொந்தப் பெயரிலேயே இறக்கியது. நல்ல கார்தான். கம்பனியை அந்த நேரத்தில் காப்பாற்றியதும் அதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவும் பக்கார்ட் வைத்திருக்கிறார் என்றான பிறகு, பெரிய பணக்காரர்கள் மெதுவாகக் கடிலக் பக்கம் நகர்ந்தார்கள். 1958உடன் பக்கார்ட் என்ற பெயரே இல்லாமல் போனது. அந்த ஒரு மொடல்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். யுத்தத்துக்குப் பிந்திய பல தவறான முடிவுகளும் இருக்கின்றன. ஆனாலும் மேல்தட்டு வாடிக்கையாளர் நகரத் தொடங்கியது அங்கிருந்துதான்.

கடிலக்குக்கும் அந்த மந்தம் லேசாக இருக்கவில்லை. 16 சிலிண்டர் எஞ்சினுடன் அதன் மிகப் பெரிய மொடல் வெளியானது 1930 ஜனவரியில், அதாவது பங்குச் சந்தை சரிந்து சில வாரங்களிலேயே. பத்து வருடங்களில் விற்றது ஏறத்தாழ 4,000தான். பிரிவையே மூடிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. அப்போது நிக்கலஸ் டிரெஸ்டட் என்ற சேவைப் பிரிவு முகாமையாளர் ஒரு விடயத்தைக் கண்டுபிடித்ததாக முகாமைத்துவ அறிஞர் பீட்டர் டிரக்கர் எழுதியிருக்கிறார். கறுப்பினத்தவருக்குக் கடிலக் விற்பதில்லை என்பது கம்பனியின் கொள்கை. ஆனால் பழுது பார்க்க வரும் கார்களில் பல, கறுப்பின வைத்தியர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் சொந்தமானவை! வெள்ளையர் ஒருவருக்குத் தரகு கொடுத்து, அவர் பெயரில் வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தரகுப் பணத்தை நாமே சம்பாதித்தால் என்ன, நேரடியாக விற்போம் என்று டிரெஸ்டட் மேலிடத்தில் வாதாடினார். விற்பனை ஏறியது. 1934இல் அவரே கடிலக்கின் தலைவரானார்.

இதைப் படித்தபோது எனக்கு நமது ஊர்க் கடைத்தெருதான் நினைவுக்கு வந்தது. சம்பள நாளில் கொழுந்துக் கூடையுடன் வரும் தோட்டத்துப் பெண்ணை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, வாகனத்தில் வந்திறங்கியவருக்கு முதலில் சாமான் கொடுக்கும் பழக்கம் நமது கடைகளில் எத்தனை வருடமாக இருக்கிறது? ரொக்கம் கொடுப்பவர் அந்தப் பெண். கொப்பியில் எழுதச் சொல்பவர் மற்றவர்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வந்த இருபது வருடங்கள் கடிலக்கின் பொற்காலம். யுத்த விமானம் ஒன்றைப் பார்த்து ஹார்லி ஏர்லின் குழுவினர் 1948இல் காரின் பின்புறத்துக்கு மீன் செட்டை போன்ற வடிவம் கொடுத்தார்கள். 1949இல் புதிய வி-8 எஞ்சின். 1953இல் எல்டொராடோ, விலை 7,750 டொலர், செய்தது 532 மட்டும். 1957இல் வந்த எல்டொராடோ புறொஹாம் 13,000 டொலருக்கு மேல். அது அன்றைய ரோல்ஸ் ரொய்ஸ் காரின் விலையையும் தாண்டியது. அந்தக் காரில் கம்பனிக்கு நட்டம்தான். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் சரக்கு வேறு, கல்லாவை நிரப்பும் சரக்கு வேறு. புறொஹாமைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் டிவில் மொடலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

1975இல் செவில் வந்தது. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். செவர்லே நோவா என்ற சாதாரண காரின் அடித்தளத்தை எடுத்துத்தான் செவிலைச் செய்தார்கள். ஆனால் அதை அடியோடு மாற்றி, இழைத்து இழைத்து வேலை செய்தார்கள். அளவில் மற்றக் கடிலக்குகளை விடச் சிறியது. விலையோ ஏறத்தாழ 12,500 டொலர், லிமோசினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விடக் கூட. நன்றாக விற்றது. ஆகவே சிறிய கார் என்பதோ, மலிவுக் காரிலிருந்து வந்தது என்பதோ குற்றமில்லை.

குற்றம் நடந்தது 1981இல். எரிபொருள் விலை ஏறியிருந்தது. ஜேர்மன் கார்களை இளவயதுப் பணக்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னக் கார் வேண்டும் என்று விற்பனையாளர்கள் நெருக்கினார்கள். கையில் நேரமில்லை. செவர்லே கவாலியர் என்ற நாலு சிலிண்டர் மலிவுக் காரை எடுத்து, தோல் இருக்கை போட்டு, முகப்பை மாற்றி, சிமரொன் என்று பெயரிட்டு, கடிலக் கடையில் 12,000 டொலருக்கு வைத்தார்கள். எஞ்சின் வலு 88 குதிரை. இந்தக் காரைக் கடிலக்காக மாற்ற அவகாசம் போதாது என்று ஜெனரல் மோட்டோர்ஸ் தலைவரே எச்சரித்ததாகச் சொல்வார்கள். வாங்கியவருக்குத் தெரியாமலா போகும்? பக்கத்து வீட்டுக்காரர் ஆயிரக்கணக்கான டொலர் குறைவாகக் கொடுத்து அதே காரைக் கவாலியர் என்ற பெயரில் ஓட்டிக்கொண்டிருந்தார். 1988 வரை ஏழு வருடங்களில் 1,32,000 சொச்சம் விற்றது. அதாவது, அத்தனை வீடுகளுக்கு ஏமாற்றத்தை விநியோகித்தார்கள்.

சென்ற வருடம் மலையகத்து இளம் வியாபாரி ஒருவர் என்னிடம் இதே கேள்வியுடன் வந்தார். வாப்பா நாற்பது வருடம் நடத்திய தேயிலைக் கடை. உயர்நிலத் தேயிலை மட்டும் விற்று எடுத்த பெயர். சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. மலிவுத் தூளைக் கலந்து, கடையின் பெயரைப் பொதியில் அச்சிட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறாராம். "நானா, கிலோவுக்கு நல்ல லாபம் நிக்குது. கடைப் பேரும் எல்லா ஊருக்கும் போகும். என்ன சொல்றீங்க?" என்றார். லாசால் கதையைத்தான் சொன்னேன். மலிவுச் சரக்கு விற்பது பாவமில்லை தம்பி, சாப்பாட்டுக் கடைக்காரருக்கு அதுதான் வேண்டும், ஆனால் வேறு பெயரில் விற்றுவிடு, பொதியில் உள்ளதை உள்ளபடி எழுது என்றேன். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையே அப்படித்தான். நூறு வீதம் இலங்கைத் தேயிலையாகவும் இங்கேயே பொதி செய்ததாகவும் இருந்தால்தான் அதைப் போடலாம். அவர் இப்போது இரண்டு பெயர்களில் விற்கிறார். இரண்டாவது பெயரில் லாபம் கொஞ்சம் குறைவு என்று முறைப்பாடு உண்டு.

கடிலக்குக்குத் திரும்புவோம். சிமரொன் மட்டுமல்ல, அதே 1981இல் ஓடும்போதே சிலிண்டர்களை நிறுத்தி எரிபொருள் மிச்சப்படுத்தும் எஞ்சினைப் போட்டார்கள். யோசனை நல்லது, ஆனால் அன்றைய மின்னணுப் பெட்டிக்கு அந்த வேகம் இல்லை. கராஜ்காரர்கள் வயரைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார்கள். 1976இல் 'இதுவே கடைசி' என்று சொல்லி விற்ற கூரை மடக்கும் எல்டொராடோவை 1984இல் மறுபடியும் இறக்கினார்கள். விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். இழந்த மரியாதையை மீட்க 1987இல் அலாண்டே. அதன் உடல் பாகத்தை இத்தாலியில் பினின்பரினா நிறுவனம் செய்ய, ஜம்போ விமானத்தில் ஒரு தடவைக்கு 56 என்று டெட்ரோயிட்டுக்கு ஏற்றிவந்தார்கள். கப்பல் கூலிக்கே கணக்குப் பார்க்கும் நமக்கு இதைக் கேட்டால் தலை சுற்றும். 1993இல் நிறுத்திவிட்டார்கள்.

இதற்கிடையில் ஜப்பான்காரர் பழைய பாடத்தைச் சரியாகப் படித்திருந்தார். டொயோட்டா என்றால் நமக்கு கொரோலாவும் டொல்பின் வேனும். அமெரிக்கர்களுக்கும் அது சிக்கனக் கார்தான். ஆடம்பரக் கார் செய்தபோது 1989இல் அதற்கு லெக்ஸஸ் என்று தனிப் பெயர், தனிக் கடை வைத்தார்கள். கடிலக் 1927இல் கீழே இறங்குவதற்குச் செய்ததை, டொயோட்டா மேலே ஏறுவதற்குச் செய்தது. 1998இல் அமெரிக்காவில் லின்கனும் விற்பனையில் கடிலக்கை முந்தியது.

அதே வருடம் அவசரமாக வெளிவந்ததுதான் எஸ்கலேட். நேர்மையாகச் சொல்வதானால் அதுவும் ஜி.எம்.சி. யூகொன் டெனாலி வாகனத்தின் மறுபதிப்புதான், சிமரொன் போலவே. ஆனால் அடுத்த பதிப்பில், 2002 மொடலில், தனி முகமும் பெரிய எஞ்சினும் கொடுத்தார்கள். பாடகர்களும் விளையாட்டு வீரர்களும் வாங்கினார்கள். இன்றுவரை கடிலக்கின் கல்லாவை நிரப்பும் வாகனங்களில் அதுவே முதன்மையானது. 2002இல் வந்த சி.டி.எஸ். கார் ஜேர்மன் கார்களுடன் மோதியது. பின்னர் பெரும்பாலான மொடல்களுக்கு எழுத்தும் இலக்கமுமாகப் பெயர் வைத்து, எது எதுவென்று வாங்குபவருக்கே தெரியாமல் குழப்பினார்கள். மின்சாரக் கார்களுக்கு வந்தபோது மறுபடியும் உச்சரிக்கக் கூடிய பெயர்கள். 2022இல் லிரிக், அதன் மேலே, கையால் செய்யப்படும் செலஸ்டிக், 3 லட்சம் டொலருக்கு மேல்.

சிமரொன் காரின் படத்தைக் கடிலக் அதிகாரி ஒருவர், மறந்துவிடக் கூடாது என்று எழுதித் தனது அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருந்தார் என்று சொல்வார்கள். வலது பக்க ஸ்டியரிங் கடிலக்கை 1998 மொடல் செவிலில் ஒரு தடவை முயன்று பார்த்தார்கள். இப்போது லிரிக் காரை அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வலது பக்க ஸ்டியரிங்குடன் விற்கிறார்கள். நமது நாட்டில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்திருக்கிறது. வரியைப் பார்த்த பிறகும் யாராவது ஒருவர் அதைக் கொண்டுவந்தால், நீளம் 16 அடி 5 அங்குலத்துக்குக் கிட்டத்தான். ரம்பொடையில் கை காட்ட ஒரு ஆள் போதும்.